ரிவ்யூவர் ரசீது கேட்பதில்லை: கணக்கியல் ஆய்விதழ்களின் நெறிமுறைகள்

ஒரு நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்யப் போகும் ஆடிட்டர், செலவுக்கு ரசீது எங்கே என்று கேட்பார். இருப்புத் தொகை சரிதானா என்று வங்கிக்கே கடிதம் எழுதுவார். கிடங்குக்குப் போய் சரக்கை எண்ணிப் பார்ப்பார். அதே ஆடிட்டர்களைப் பற்றி ஒரு பேராசிரியர் ஆராய்ச்சி செய்து கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினால், அதைச் சரிபார்க்கும் ரிவ்யூவர் இதில் எதையும் செய்வதில்லை. அவர் கையில் இருப்பது ஐம்பது அறுபது பக்கத்தில் ஒரு பிடிஎஃப். அதிலுள்ள எண்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு, எழுதியவர் சொல்வதுதான் சான்று.

கணக்கியல் ஆய்விதழ் எதையாவது எடுத்து அதன் நெறிமுறைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். விதிகள் நீளமாகப் போகும். புதிதாக ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு அது வெறும் சம்பிரதாயமாகத் தெரியும். பெட்டியில் டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். பிறகு ஒருநாள் பொறுமையாகப் படித்தபோதுதான் உறைத்தது: அந்த விதிகளில் பெரும்பாலானவை ஒரே ஓட்டையை அடைக்கத்தான் பாடுபடுகின்றன. ரிவ்யூவர் ரசீதைப் பார்ப்பதில்லை என்பதே அந்த ஓட்டை.

கட்டுரை போகும் வழி

அனுப்பிய கட்டுரை முதலில் இதழாசிரியரிடம் போகும். அவரும் எங்கோ பாடம் நடத்திக்கொண்டிருக்கும் பேராசிரியர்தான். கட்டுரை இதழுக்குப் பொருந்தவில்லை, கேள்வியில் புதிதாக ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தோன்றினால், வேறு யாருக்கும் அனுப்பாமல் திருப்பிவிடுவார். இதற்கு டெஸ்க் ரிஜெக்ட் என்று பெயர். வலிக்கும். ஆனால் ஆறு மாதம் காத்திருந்து அதே பதிலைக் கேட்பதற்கு இது எவ்வளவோ தேவலை.

அதைத் தாண்டினால் பெரும்பாலும் இரண்டு ரிவ்யூவர்களிடம் போகும். அவர்களும் துறைக்காரர்கள், பொதுவாக இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. எழுதியவர் யார் என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது, அவர்கள் யார் என்று எழுதியவருக்கும் தெரியக் கூடாது. ஏட்டில் அப்படி. நடப்பில், இதழுக்கு அனுப்பும் முன்பே கட்டுரையை எஸ்எஸ்ஆர்என் என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுவது கணக்கியலில் பழகிப்போன வழக்கம். 1994-இல் தொடங்கிய களஞ்சியம் அது. போதாததற்குக் கருத்தரங்குகளிலும் வாசித்திருப்பார்கள். தலைப்பைத் தேடினாலே பெயர் வந்து நிற்கும். நல்ல ரிவ்யூவர் தேட மாட்டார் என்பது நம்பிக்கை. தேடாமலே அடையாளம் தெரிந்துவிட்டது, எழுதியவர் தன் பழைய மாணவர் அல்லது போன வருடம் சேர்ந்து எழுதியவர் என்றால், இதழாசிரியரிடம் சொல்லி விலகிவிட வேண்டும் என்பது விதி.

புதியவர்கள் பலர் தவறாக நினைக்கும் ஒன்று உண்டு. கட்டுரையை ஏற்பதும் மறுப்பதும் ரிவ்யூவர் கையில் இல்லை. அவர் கருத்துத்தான் சொல்கிறார், முடிவு இதழாசிரியருடையது. இரண்டு ரிவ்யூவர்களும் முகம் சுளித்த கட்டுரைக்கு இதழாசிரியர் இன்னொரு வாய்ப்பு கொடுப்பதும் நடக்கும். முதல் சுற்றிலேயே அப்படியே ஏற்கப்படுவது அபூர்வம். கிடைக்கக்கூடிய நல்ல செய்தி, ‘திருத்தி மறுபடி அனுப்புங்கள்’ என்பதுதான்.

ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது. இது ஏன் இவ்வளவு பெரிய குற்றம் என்று கேட்பவர்கள் உண்டு. வேலைக்கு நாலு இடத்தில் விண்ணப்பிக்கலாம், இதற்கு மட்டும் ஏன் தடை? விண்ணப்பத்தைப் புரட்டச் சில நிமிடம் போதும். ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படித்துக் கருத்து எழுதப் பல நாள் போகும், அதுவும் இலவசமாக. இரண்டு இதழில் போட்டால், நாலு பேராசிரியர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். கணக்கியலில் இருக்கும் பெரிய இதழ்கள் பலவும் கட்டுரையை அனுப்பும்போதே கட்டணம் வாங்குவதற்கும் இது ஒரு காரணம். யோசிக்காமல் அள்ளி வீசுவதை அது கொஞ்சம் தடுக்கும்.

சரி, ரிவ்யூவரால் எதைத்தான் பிடிக்க முடியும்? ஒரு கற்பனைக் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். தரவுத்தளத்திலிருந்து 12,400 பதிவுகள் எடுத்ததாக முதல் அட்டவணை சொல்கிறது. ஒரு நிறுவனத்தின் ஓர் ஆண்டுக் கணக்கு ஒரு பதிவு. விவரம் முழுமையாக இல்லாதவை 3,150 கழிகின்றன. வங்கிகளின் ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) மற்ற நிறுவனங்களுடையதைப் போல இருக்காது, அதனால் நிதி நிறுவனங்கள் 1,900 கழிகின்றன. மீதி 7,350. நாலு பக்கம் தள்ளி முக்கியமான அட்டவணையின் அடியில் பார்த்தால், மாதிரியின் அளவு 7,530 என்று இருக்கிறது. வித்தியாசம் 180. பேரேடு எழுதிப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு பொறி தட்டும்: 180 என்பது 9-ஆல் மீதியின்றி வகுபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும் என்பது பழைய கணக்குப்பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். ஆக இது தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். ரிவ்யூவர் ஒரு வரி எழுதிக் கேட்பார், எழுதியவர் திருத்துவார்.

கட்டுரைக்குள் ஒன்றோடொன்று ஒட்டாதவற்றை இப்படிப் பிடிக்கலாம். தர்க்கத்தில் ஓட்டை, பொருந்தாத புள்ளியியல் முறை, விட்டுப்போன முந்தைய ஆய்வு என்று நிறையப் பிடிபடும். ஆனால் 7,350 பதிவுகளையும் ஒருவர் உட்கார்ந்து கற்பனையில் உருவாக்கி, அட்டவணைகளை எல்லாம் ஒழுங்காகப் பொருத்திவிட்டால்? அது பிடிபடாது.

150 அலுவலகங்கள்

அப்படி ஒன்று நடந்தது, அதுவும் துறையின் மிகப் பெரிய மேடையில். அமெரிக்கன் அக்கவுண்டிங் அசோசியேஷன் 1926 முதல் நடத்திவரும் ‘தி அக்கவுண்டிங் ரிவ்யூ’ இதழில் 2010-இல் ஒரு கட்டுரை வந்தது. தணிக்கைக் குழுவினர் கூடி உட்கார்ந்து, இந்த நிறுவனத்தில் மோசடி எங்கே நடக்கலாம் என்று யோசிக்கும் வழக்கம் உண்டு. எந்த முறையில் யோசித்தால் நல்ல பலன் கிடைக்கும் என்பதுதான் ஆராய்ச்சி. கவனியுங்கள், மோசடியைக் கண்டுபிடிப்பது பற்றிய கட்டுரை. ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தின் 150 அமெரிக்க அலுவலகங்களில் சோதனை நடத்தியதாக அது சொன்னது. முதல் ஆசிரியர் பென்ட்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் ஹன்டன்.

மாட்டிக்கொண்டது அந்த 150 என்ற எண்தான். அமெரிக்காவுக்குள் மட்டும் அத்தனை அலுவலகங்கள் அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்துக்கு உண்டா என்ற கேள்வி எழுந்தது. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல ரகசிய ஒப்பந்தம் தடுக்கிறது என்பது ஹன்டன் தரப்பு. இதழ் கேட்ட ஆதாரங்கள் வரவில்லை. 2012 நவம்பரில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அடுத்த மாதமே அவர் வேலையை விட்டார். பல்கலைக்கழகம் விசாரித்து 2014-இல் வெளியிட்ட அறிக்கை, இரண்டு கட்டுரைகளின் தரவு இட்டுக்கட்டப்பட்டது என்ற முடிவுக்கு வந்தது. அதன் பிறகு அவருடைய மற்ற கட்டுரைகளும் வரிசையாகத் திரும்பப் பெறப்பட்டன. மொத்தம் 30-க்கு மேல்.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இணை ஆசிரியரின் நிலைமை. சோதனையை நடத்தியதிலோ தரவை வாங்கியதிலோ அவருக்குப் பங்கில்லை, நிறுவனத்தின் பெயர்கூட அவருக்குத் தெரியாது என்று இதழ் பின்னர் வெளியிட்ட விளக்கம் சொன்னது. அவர் மேல் குற்றம் இல்லை. ஆனால் சேர்ந்து எழுதிய ஒருவருக்கே தரவு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என்றால், வெளியே இருந்து படிக்கும் ரிவ்யூவர் என்ன செய்துவிட முடியும்?

மோசடி முக்கோணம் என்று தணிக்கைப் பாடத்தில் ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். டொனால்ட் கிரெஸ்ஸி என்ற குற்றவியலாளரின் ஆய்விலிருந்து பிறந்த கருத்து அது. மோசடிக்கு நெருக்கடி வேண்டும், வாய்ப்பு வேண்டும், மனசைச் சமாதானப்படுத்த ஒரு சாக்கும் வேண்டும். காசாளர்களையும் நிதி மேலாளர்களையும் மனதில் வைத்து நடத்தும் பாடம். அதை நடத்துபவர்களுக்கே பொருத்திப் பாருங்கள். பெரிய இதழில் கட்டுரை வந்தால்தான் வேலை நிரந்தரம், அது நெருக்கடி. யாரும் ரசீது கேட்பதில்லை, அது வாய்ப்பு. ‘முடிவு எப்படியும் சரியாகத்தான் இருக்கும், தரவு திரட்ட நேரமில்லை, அவ்வளவுதானே’ என்பது சாக்கு. மூன்றில் இதழால் தொடக்கூடியது வாய்ப்பை மட்டும்தான்.

அதனால்தான் இப்போது கேள்விகள் கூடியிருக்கின்றன. தரவைத் திரட்டியது யார், எப்போது, எங்கிருந்து? மூலத் தரவை ஆசிரியர்களில் யார் பார்த்திருக்கிறார்கள்? எத்தனை வருடம் பாதுகாத்து வைப்பீர்கள்? வாங்கிய தரவுத்தளம் என்றால் உரிமம் அதை வெளியே பகிர விடாது. அதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ‘ஜர்னல் ஆஃப் அக்கவுண்டிங் ரிசர்ச்’ போன்ற இதழ்கள், மூலத் தரவிலிருந்து கடைசி அட்டவணை வரை எப்படி வந்தீர்கள் என்பதைக் காட்டும் கணினி நிரலைக் கேட்கின்றன. அதே தரவுத்தளத்துக்குச் சந்தா கட்டியிருக்கும் இன்னொருவர் அந்த நிரலை ஓட்டிப் பார்த்தால் அதே விடை வர வேண்டும். ரசீது இல்லாவிட்டாலும், எந்தக் கடையில் எப்போது வாங்கினேன் என்ற குறிப்பு இருக்கும்.

ரகசிய ஒப்பந்தம் என்றாலே ஏமாற்று என்றும் நினைத்துவிடக் கூடாது. உள்விவரங்களைத் தரும் நிறுவனம், எங்கள் பெயர் வெளியே வரக் கூடாது என்று கேட்பது நியாயமே. அப்படி இருந்தால் அதை முதலிலேயே இதழாசிரியரிடம் சொல்லிவிடுவது நல்லது. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு சொன்னால் இரண்டு பக்கமும் சங்கடம்.

பொய் இல்லை, ஆனாலும்

இட்டுக்கட்டுவது அபூர்வம். அதைவிடப் பரவலாக இருப்பது, யாரும் பொய் சொல்லாமலே தப்பான முடிவு வெளிவருவது. இதைத்தான் புதியவர்கள் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

புள்ளியியலில் பி மதிப்பு என்று ஒன்று உண்டு. உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாதபோது, இவ்வளவு பெரிய தொடர்பு தற்செயலாகத் தெரிவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை அது சொல்கிறது. 0.05-க்குக் கீழே வந்தால் முடிவைக் குறிப்பிடத்தக்கதாக எடுத்துக்கொள்வது வழக்கம். அதாவது 20-க்கு ஒரு தடவை தற்செயல் நம்மை ஏமாற்றலாம் என்று ஒப்புக்கொண்டே ஆட்டத்தில் இறங்குகிறோம். இப்போது தொடர்பே இல்லாத விஷயத்தில் ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளைச் செய்தால், ஒன்றாவது 0.05-க்குக் கீழே வந்து ‘வெற்றி’ பெறுவதற்கான வாய்ப்பு சுமார் 64 சதவீதம்.

கணக்கியல் ஆய்வில் 20 சோதனை என்பது ஒரு மதிய வேலை. லாபத்தை நிறுவனம் வளைத்ததா என்று அளக்க 1991-இல் வந்த ஜோன்ஸ் மாதிரியைப் பயன்படுத்தலாம், 1995-இல் வந்த அதன் திருத்திய வடிவத்தையும் பயன்படுத்தலாம். உச்சத்திலும் அடியிலும் துருத்தும் எண்களை ஒரு சதவீத எல்லையில் மடக்கலாம், இரண்டு சதவீதத்திலும் மடக்கலாம். பொருளாதார நெருக்கடி ஆண்டுகளைச் சேர்க்கலாம், விடலாம். ஒவ்வொன்றுக்கும் நியாயம் சொல்ல முடியும். எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாக வந்ததை மட்டும் கட்டுரையில் போட்டால், அதில் அச்சான ஒவ்வோர் எண்ணும் உண்மையான எண்தான். ஓடி விழுந்த 19-ஐப் பற்றி ஒரு வரிகூட இருக்காது, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பர்க்ஸ்டாலர், டிச்செவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997-இல் நிறுவனங்களின் லாப நட்டக் கணக்குகளை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். சின்ன நட்டம் காட்டிய நிறுவனங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, சின்ன லாபம் காட்டியவை எதிர்பார்த்ததைவிட அதிகம். பூஜ்யத்துக்குக் கீழே நின்றவர்கள் எப்படியோ கொஞ்சம் தம் கட்டி மேலே வந்துவிட்டார்கள் என்பது அதற்கு அவர்கள் தந்த விளக்கம். துறையில் எல்லாருக்கும் தெரிந்த ஆய்வு. அதைப் பாடமாக நடத்திவிட்டு வீட்டுக்குப் போய், 0.06 வந்த தன் பி மதிப்பை 0.05-க்குக் கீழே கொண்டுவர ஒரு மாறியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால், அந்த மேலாளர்களுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதற்கு ஒரு மருந்தைப் பரீட்சித்தும் பார்த்தார்கள். ‘ஜர்னல் ஆஃப் அக்கவுண்டிங் ரிசர்ச்’ 2017-இல் நடந்த தன் ஆண்டு மாநாட்டுக்கு, முடிவு தெரியும் முன்பே ஆய்வுத் திட்டங்களை அனுப்பச் சொன்னது. கேள்வி நல்லதா, முறை சரியா என்று மட்டும் பார்த்து இதழ் முன்கூட்டியே சம்மதிக்கும். அப்புறம்தான் தரவு திரட்டுவது. விடை எப்படி வந்தாலும் வெளியீடு உண்டு, சொன்னபடி வேலையைச் செய்திருந்தால் போதும். எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடிக்கும், ஆனால் எல்லா ஆய்வுக்கும் ஒத்துவராது. பழைய பங்குச் சந்தைத் தரவு எல்லார் கணினியிலும் ஏற்கெனவே இருக்கிறது. முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கவில்லை என்பதற்கு அங்கேயும் சொல்தான் சான்று.

பெயர், பணம், நகல்

கணக்கியலில் ஆசிரியர்களின் பெயரை அகரவரிசையில் போடுவது பரவலான வழக்கம். அதனால் யார் எவ்வளவு உழைத்தார் என்று வரிசையை வைத்துச் சொல்ல முடியாது. வேலை செய்யாத துறைத்தலைவரின் பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பது தவறு. அட்டவணை முழுக்கப் போட்டுக்கொடுத்த மாணவரின் பெயரை விடுவதும் அதே அளவு தவறு. யார் எதைச் செய்தார் என்று பிரித்துச் சொல்ல 14 வகைப் பங்களிப்புகள் கொண்ட ஒரு பட்டியல் பல துறை இதழ்களில் புழக்கத்தில் இருக்கிறது. பெயர் போட்டவர்கள் எல்லாரும் கடைசி வடிவத்தைப் படித்துச் சம்மதித்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் உயிர்நாடி. சாட்ஜிபிடி போன்ற கருவிகளை ஆசிரியராகப் போட முடியாது என்று பதிப்பு நெறிமுறைக் குழுவான கோப் 2023-இல் சொன்னதும் இதனால்தான்: தவறுக்குப் பொறுப்பேற்க அதால் முடியாது. ரிவ்யூவுக்கு வந்த கட்டுரையை அந்தக் கருவிகளில் ஏற்றிச் சுருக்கம் கேட்பதும் ரகசியத்தை மீறுவதாகத்தான் எண்ணப்படுகிறது.

பண விஷயம் இந்தத் துறையில் கொஞ்சம் நெருடல். தணிக்கை நிறுவனங்களை ஆராய்பவர்களுக்கு அதே நிறுவனங்கள் நிதி தருவதும் தரவு தருவதும் உண்டு. நிறுவனத்துக்குள் தணிக்கையை மேற்பார்க்கும் தணிக்கைக் குழுவின் திறன் பற்றி எழுதும் பேராசிரியரே ஏதோ ஒரு நிறுவனத்தின் தணிக்கைக் குழுவில் உட்கார்ந்திருப்பார். இது சின்ன விஷயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2016 முதல், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும் வங்கிகளும் தங்கள் தணிக்கை நிறுவனத்தைப் பொதுவாக 10 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. அப்படிக் கட்டாயமாக மாற்றுவதால் நன்மையா தீமையா என்ற விவாதத்தில் இரண்டு தரப்பும் ஆய்வுக் கட்டுரைகளைத்தான் தூக்கிக் காட்டின. மாற்றாமல் இருந்தால் லாபம் அடையும் ஒருவர் அந்தக் கட்டுரைக்குப் பணம் கொடுத்திருந்தால் வாசகருக்கு அது தெரிய வேண்டும். பணம் வாங்கியதாலேயே ஆய்வு பொய்யாகிவிடாது. மறைத்தால்தான் பிரச்சினை.

நகலெடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரே ஒரு விஷயம். மென்பொருள் காட்டும் ஒற்றுமைச் சதவீதம் தீர்ப்பு இல்லை. மாறிகளை விவரிக்கும் பகுதி எல்லாக் கட்டுரையிலும் கிட்டத்தட்ட ஒரே சொற்களில்தான் இருக்கும், சதவீதம் அதனாலேயே ஏறும். மற்றவர் கருத்தை முழுக்கத் தன் சொற்களில் மாற்றி எழுதிவிட்டு மேற்கோள் காட்டாதவரின் கட்டுரையில் அது குறைவாகத்தான் வரும். அதனால் அறிக்கையை ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். ஒரே தரவை மெல்லிய துண்டுகளாக நறுக்கி மூன்று கட்டுரை செய்பவர்கள், மற்ற இரண்டும் இருக்கின்றன என்று இதழாசிரியரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் அனுப்பி ஒரே ரிவ்யூவரிடமே இரண்டும் போய்ச் சேர்ந்த கதைகள் துறையில் உலவுகின்றன.

தப்பு தெரிந்தால்

வெளியான கட்டுரையில் தவறு என்று யாராவது எழுதினால் இதழாசிரியர் உடனே அதைத் தூக்கிவிட மாட்டார். 1997-இல் சில மருத்துவ இதழாசிரியர்கள் பிரிட்டனில் தொடங்கிய அமைப்புத்தான் மேலே சொன்ன கோப். இப்போது எல்லாத் துறை இதழ்களும் அதில் உண்டு. எந்தப் புகாருக்கு அடுத்த படி என்ன என்று அது படம் போட்டே காட்டியிருக்கிறது. முதல் படி எழுதியவரிடம் விளக்கம் கேட்பது. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அவர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குப் போகும், ஏனென்றால் கணினியைக் கைப்பற்றிப் பார்க்கவும் ஆட்களை அழைத்து விசாரிக்கவும் இதழுக்கு அதிகாரம் இல்லை. விசாரணை இழுத்துக்கொண்டே போனால், இந்தக் கட்டுரை மீது சந்தேகம் இருக்கிறது என்று ஒரு எச்சரிக்கைக் குறிப்பை இதழ் வெளியிடலாம்.

முடிவை நம்பவே முடியாது என்றால் கட்டுரை திரும்பப் பெறப்படும். திரும்பப் பெறுவது என்றால் அழித்துவிடுவது இல்லை. கணக்கு எழுதியவர்களுக்கு இது சட்டென்று புரியும்: பேரேட்டில் தப்பான பதிவை அழிரப்பர் வைத்து அழிக்கக் கூடாது, திருத்தப் பதிவு போட வேண்டும். அதே மாதிரி, பழைய கட்டுரை இருந்த இடத்திலேயே இருக்கும். ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற முத்திரை பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே ஓடும். ஏற்கெனவே அதை மேற்கோள் காட்டியவர்கள் எதைக் காட்டினோம் என்று வந்து பார்க்க வேண்டும் அல்லவா.

எல்லாத் தவறும் அந்த அளவுக்குப் போவதில்லை. நிரலில் ஒரு வரி தப்பு, மூன்றாவது அட்டவணையில் இரண்டு எண்கள் மாறுகின்றன, முடிவு அப்படியே நிற்கிறது என்றால் ஒரு திருத்தக் குறிப்பு போதும். நீங்களே கண்டுபிடித்து நீங்களே எழுதுவதுதான் நல்லது. வேறு யாராவது கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பதைவிட அது எவ்வளவோ எளிது. இதழாசிரியருக்கு ஒரு மின்னஞ்சல், பழைய எண், புதிய எண், திருத்திய நிரல், எது மாறுகிறது எது மாறவில்லை என்று ஒரு பத்தி. அந்தக் குறிப்புக்கும் தனியாக ஒரு டிஓஐ எண் (இணையத்தில் ஒரு கட்டுரையைச் சுட்டும் நிரந்தர அடையாள எண்) கொடுப்பார்கள், மூலக் கட்டுரையின் பக்கத்திலிருந்து அதற்கு இணைப்பும் இருக்கும்.